சீனப் பாட்டன்று!

"இசைக்கு மொழியில்லை" என்னும் சொற்றொடரை எவன் முதன்முதலில் சொல்லிவைத்தானோ, அவன் தன் மொழிக்கு ஒருநாளும் தடையைக் கண்டிராதவனாகவே இருந்திருத்தல் வேண்டும். வாய் பூட்டப்பெற்றவன் அவ்வாறு சொல்லான். இன்று தைவான் நாட்டின் மக்கட் பாட்டுகளைக் கேட்டுச் சுவைக்கும் அயல்நாட்டார் பலர் இச்சொற்றொடரையே கேடயமாகப் பிடித்துக்கொள்கின்றனர். பண் இனிக்கிறது, குரல் குழைகிறது, சொல் விளங்காவிட்டால் என்ன குறை என்கின்றனர். அவ்வளவில் நின்றாலும் தாழ்வில்லை. கேட்டவை அத்தனைக்கும் "சீனப் பாட்டு" என்று ஒரே பெயரைச் சூட்டிப் பேழையில் அடுக்கிவைத்து விடுகின்றனரே, அதுதான் பொறுக்கத் தக்கதன்று.

இவருள் பெரும்பாலார்க்கு வாயிலாக அமைந்தவர் தெரசா தெங் என்னும் பாடகியார். 1953-இல் தைவானின் யுன்லின் மாவட்டத்தில் பிறந்து, 1995-இல் தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் மறைந்தவர். மாண்டரின், சப்பானியம், கந்தோனியம், தைவான் மொழி, இந்தோனேசியம், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் பாடியவர். நிலவைத் தன் நெஞ்சுக்குச் சான்றாகக் காட்டும் அவருடைய மாண்டரின் பாட்டைக் கேளாத கிழக்காசிய நகரம் இராது. 1980-களில் பெய்சிங் ஆட்சியாளர் கெட்ட சுவையென்று பழித்து ஒதுக்கியபோதும், சீன மக்கள் அவர்தம் ஒலிநாடாக்களைப் படியெடுத்துப் படியெடுத்துக் கேட்டனர். அவ்வம்மையார்மேல் ஒரு குறையும் இல்லை. வாயிலில் நின்றவாறே வீட்டை முழுதும் பார்த்துவிட்டதாகச் சொல்லிக் கொள்வோர்மேல்தான் குறை. அவரே பாடியுள்ள "மழையிரவு மலர்", "இளவேனிற் காற்றை எதிர்நோக்கி" என்னும் பொருள்படும் இரு பழம்பாட்டுகளைக் கேட்டிருந்தால், இது மாண்டரின் அன்று என்று காதே சொல்லியிருக்கும்.

தைவானில் பெரும்பான்மையோரின் முன்னோர் மொழி, சீனத்தின் தென்கிழக்குக் கரையாகிய பூசியன் பகுதியிலிருந்து கடல்கடந்து வந்தது. அத்தீவினர் அதனைத் தைவான் மொழி என்றே வழங்குகின்றனர். பினாங்கிலும் சிங்கையிலும் அங்காடித் தெருக்களில் அதன் உடன்பிறப்பைக் கேட்டுப் பழகிய தமிழர் அதனை ஓக்கியன் என்று அறிவர். மாண்டரின் பேசுவோனுக்கு அது விளங்காது. க், த், ப் என்னும் வல்லொற்றுகளிலும் ம் என்னும் மெல்லொற்றிலும் முடியும் பழஞ்சொற்களை அம்மொழி இன்றும் காத்துவருகிறது. மாண்டரினோ அவ்வீறுகளை என்றோ இழந்துவிட்டது. இதனையன்றி ஆக்கா என்னும் மக்களின் மொழி ஒன்றுண்டு. இவ்விரண்டுக்கும் முன்பே, பல்லாயிரம் ஆண்டுகளாக அத்தீவில் வாழும் பழங்குடிகளின் மொழிகள் உண்டு. அரசு ஏற்றுள்ள குடிகள் மட்டும் 16. அவை சீன இனத்தைச் சேர்ந்தனவே அல்ல. மலாய் மொழியின் உறவுகள். அமிசு என்னும் குடியினர் ஐந்தை "லீமா" என்கின்றனர். மலேசியத் தமிழர் ஒவ்வொரு நாளும் கடையில் எண்ணும் "லீமா" அதுவே. இத்தனையையும் "சீனம்" என்னும் ஒரு சொல்லால் மூடுவது அறியாமை. அறிந்தும் மூடுவது வேறு.

அப்பழம்பாட்டுகளுக்கு நேர்ந்ததைக் கேட்க. "இளவேனிற் காற்றை எதிர்நோக்கி" 1933-இலும், "மழையிரவு மலர்" அதற்கு அடுத்த ஆண்டிலும் இசைத்தட்டாக வந்தன. இரண்டிற்கும் பண்ணமைத்தவர் தெங் யூசியன். ஆக்கா குடியில் பிறந்து, தைவான் மொழிப் பாட்டுகளுக்கு இசையமைத்தவர். முன்னதை இயற்றியவர் லி லின்சியூ. பின்னதை இயற்றியவர் சௌ தியன்வாங். கைவிடப்பட்ட பெண்ணொருத்தி, மழையிரவில் உதிர்ந்து மண்ணில் விழும் மலராகத் தன்னைக் காண்கின்றாள். அவ்வளவே பாட்டு. 1895 முதல் அத்தீவை ஆண்ட சப்பானியர் 1937-இல் சீனத்தின்மேல் பெரும்போர் தொடங்கினர். தைவான் மக்களைப் பேரரசரின் குடிகளாக உருமாற்றும் இயக்கத்தையும் முடுக்கினர். மறு ஆண்டே இப்பாட்டுகளைக் கையில் எடுத்தனர். பண்ணை வைத்துக்கொண்டனர், சொல்லைப் பிடுங்கி எறிந்தனர். உதிர்ந்த மலர் பாடிய பண்ணில், படைக்குச் சுமை தூக்கும் கூலியாளின் பெருமை சப்பானிய மொழியில் பாடப்பட்டது. இளவேனிற் காற்றுக்கு ஏங்கிய கன்னியின் பண், புதுநிலம் அழைக்கிறதென்னும் படைப்பாட்டாயிற்று. போர் முடிந்ததைக் காணாமலேயே, 1944-இல், நாற்பது அகவையும் நிரம்பாத தெங் யூசியன் மறைந்தார்.

இசைக்கு மொழியில்லை என்போர் இதற்கு என்ன விடை வைத்துள்ளனர்? பண் ஒன்றே. மொழி மாறியது; பெண்ணின் அழுகை படைக்கு ஆளெடுக்கும் முரசாயிற்று. பண் மட்டும் போதுமென்று கேட்டவன் இரண்டையும் ஒன்றாகவே சுவைத்திருப்பான்.

1945-இல் சப்பானியர் போயினர். குவோமின்தாங் ஆட்சி வந்தது. 1947-இல் மக்கள் கிளர்ச்சி குருதியில் அடக்கப்பட்டது. 1949 முதல் 1987 வரை, 38 ஆண்டுகள், படைத்துறைச் சட்டத்தின்கீழ் அத்தீவு கிடந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவரிடம் ஒறுப்புக் காசு வாங்கினர். கழுத்தில் அட்டையை மாட்டி நிறுத்தினர். அம்மொழிகளுக்கு ஆட்சியாளர் இட்ட பெயர் "வட்டார வழக்கு". (ஒரு மொழியை முதலில் மொழியன்று என்று சொல்லிவிட்டால், பிறகு அதனை என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்பதை வல்லாண்மையர் யாவரும் அறிந்துள்ளனர்.) 1976-இல் வந்த ஒலி, ஒளிபரப்புச் சட்டம் மாண்டரினையே முதன்மையாக்கி, ஏனைய மொழிகளை ஆண்டுக்காண்டு குறைத்துவர ஆணையிட்டது. 1993-இல்தான் அவ்விதி நீங்கியது.

தடைப்பட்ட பாட்டுகளுள் ஒன்றைத் தமிழ் கற்றோர் கட்டாயம் அறிதல் வேண்டும். 1948-இல் லி லின்சியூ இயற்ற, வாங் யுன்பெங் பண்ணமைத்த "கிழிந்த வலையைத் தைத்தல்" என்பது அது. மேலோட்டமாகக் கேட்டால், மீனவக் குடியில் வலை கிழிந்த துயரம். ஆனால் தைவான் மொழியில் வலையைக் குறிக்கும் சொல் "பாங்". நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லின் ஈறும், அதே ஏற்ற இறக்கத்தோடு, "பாங்". கிழிந்தது வலை மட்டுமன்று, நம்பிக்கையும் கிழிந்தது. தைக்க வேண்டியது வலையை மட்டுமன்று. இரட்டுறமொழிதலை அணியாகக் கற்ற தமிழர்க்கு இதற்கு உரையெழுதத் தேவையில்லை. குருதி உலராத அக்காலத்தில் கேட்டவர்க்கும் தேவைப்படவில்லை, தடைசெய்தவர்க்கும் தேவைப்படவில்லை. மாண்டரினில் இவ்விரு சொற்களும் வேறுவேறு ஏற்ற இறக்கத்தில் ஒலிப்பதால் இரட்டுறல் அங்கே நெகிழ்ந்து போகிறது. மொழிபெயர்ப்பாலும் பிடிக்க இயலாத இப்பாட்டை, மொழியே தேவையில்லை என்பவன் எதைக்கொண்டு பிடிப்பான்? அவன் கையில் கிடைப்பது வலையின் கிழிசல் மட்டுமே.

இதனால், மாண்டரினில் பாடப்பட்டதெல்லாம் தைவான் பாட்டன்று என்பது கருத்தன்று. 1976 திசம்பர் 3-ஆம் நாள் தாம்காங் கல்லூரி மேடையில் லி சுவாங்சே என்னும் இளைஞர் கையில் கோக்கக் கோலாக் குப்பியோடு ஏறினார். எங்குச் சென்றாலும் இளைஞர் இதைக் குடித்து ஆங்கிலப் பாட்டே பாடுகின்றனரே, தம் பாட்டு எங்கே என்று கேட்டார். "கிழிந்த வலை"யையும் "மழையிரவு மலர்"ஐயும் அங்கேயே பாடினார். மறு ஆண்டு, கடலில் மூழ்கிய ஒருவரைக் காக்கச் சென்று தாம் உயிர்துறந்தார். அவர் பண்ணமைத்த "அழகுத் தீவு" மாண்டரின் பாட்டே. அதனையும் ஆட்சியாளர் தடைசெய்தனர். அப்படியாயின் அப்பாட்டைச் சீனப் பாட்டு என்பது எத்துணைக் கொடுமை! 1982-இல் தொடங்கிய லோ தாயூவின் மாண்டரின் பாட்டுகளும் அத்தகையனவே. மொழி வெளியிலிருந்து திணிக்கப்பட்டதாயினும் நெஞ்சம் அத்தீவினது.

1987-க்குப் பின் மடை திறந்தது. 1989-இல் "கருப்புப் பட்டியல்" என்றே தமக்குப் பெயரிட்டுக்கொண்ட குழுவினர் தைவான் மொழியில் ஏளனப் பாட்டுகள் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு லின் சியாங், தொடர்வண்டியேறித் தைப்பே நகருக்குச் செல்லும் ஊர்ப்புற இளைஞனைத் துள்ளிசையில் பாடினார். 1998-இல் வூ பாய் அதே மொழியில் ஒரு முழுத் தொகுப்பைத் தந்தார். முதியோர் மொழி, குடிகாரர் மொழி, நாட்டுப்புறத்தான் மொழி என்றெல்லாம் இழித்துரைக்கப்பட்டதை இளைஞர் கூட்டம் தெருவெங்கும் பாடியது.

இனி, அயல்நாட்டார் செவியின் சிறப்புக்கு ஒரு சான்று. தைதுங் மாவட்டத்தில் திபாங் என்னும் அமிசுக் குடி உழவர் ஒருவர் இருந்தார். குவோ யிங்னான் என்பது ஆட்சியாளர் ஏட்டில் அவர் பெயர். அவரும் மனைவியாரும் குழுவினரும் 1988-இல் ஐரோப்பாவில் தம் குடியின் பாட்டுகளைப் பாடினர். பிரான்சு நாட்டில் அப்பாட்டுகள் குறுந்தட்டாயின. 1993-இல் செருமனியிலிருந்து எனிக்மா என்னும் இசையணி வெளியிட்ட தொகுப்பில், முதியோர் கள்ளுண்டு மகிழும் அவர்தம் பாட்டு வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. உலகம் மயங்கியது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கு விழாவின் விளம்பரத்திலும் அதே குரல் ஒலித்தது. பாடியவர் பெயர் எங்கும் இல்லை. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் அக்குரலைக் கேட்டுக் கண்ணீர் மல்கினர். யார் குரல் என்று கேட்டவர் எத்தனை பேர்? முதியவரும் மனைவியாரும் 1998-இல் வழக்குத் தொடுத்தனர். 1999-இல் எதிர்த்தரப்பார் உடன்படிக்கைக்கு வந்தனர். இழப்பீடும் பெயருரிமையும் கிடைத்தன. 2002-இல் அவர் மறைந்தார்.

அப்பாட்டில் பொருள் குறித்த சொற்களைவிட இசையசைகளே மிகுதி. ஆதலின் அங்கேனும் இசைக்கு மொழியில்லை என்பது பொருந்தாதா என்று ஒருவர் வினவக்கூடும். பொருந்தாது. அசைகளும் அக்குடியினவே. எந்த அவையில், எவர் தொடங்க, எவர் எதிர்க்குரல் கொடுப்பது என்னும் முறையும் அக்குடியினதே. மொழியில்லை என்னும் மெய்ம்மம் அங்கே எதற்குப் பயன்பட்டது? உரிமையாளன் இல்லை என்று சொல்வதற்குப் பயன்பட்டது.

இன்னொரு தடையும் எழுப்பப்படும். மேய்நோங் என்னும் ஆக்கா ஊரினர் லின் செங்சியாங். தம் ஊரை அழிக்கவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்து 1999-இல் ஆக்கா மொழியில் பாட்டுத் தொகுப்பு வெளியிட்டவர். 2007-இல் "தங்கப் பண்" விருது விழாவில் ஆக்கா மொழிக்கென ஒதுக்கிய இரு பரிசுகள் அவருக்கு வந்தன. மேடையிலேயே மறுத்தார். இசையை இசைவகையால் பிரிக்க வேண்டுமேயன்றி மொழியால் பிரிக்கலாகாது என்றார். பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார் என்று துள்ளுவோர் சற்றே பொறுக்க. அவர் மொழியை விட்டாரில்லை. அதன்பின்னும் ஆக்கா மொழியில் பாடிவருகிறார். தாய்மொழிப் பாட்டுக்குத் தனியே ஒரு சிறு பலகை போட்டு உட்காரவைக்கும் பெருந்தன்மையைத்தான் அவர் வேண்டாமென்றார். பந்தியில் இடம் கேட்டவனைப் பசியில்லாதவன் என்று சொல்லலாமா?

அவர் கேட்ட இடம் ஒரு பழங்குடிப் பெண்ணுக்குக் கிடைக்கப் பின்னும் 13 ஆண்டுகள் ஆயின. தைவானின் குடிமொழிகள் யாவும் நாட்டு மொழிகள் என்று 2019-இல் சட்டம் நடப்புக்கு வந்தது. 2020-இல் அதே விழாவில், எல்லாப் பிரிவுகளையும் கடந்த ஆண்டின் தலைசிறந்த தொகுப்பு என்னும் பரிசை அபாவோ என்பவர் பைவான் மொழியில் பாடிய தொகுப்பு பெற்றது. அதன் பெயர் "கினகையன்", பொருள் தாய்மொழி. மின்னிசையும் துள்ளலும் கலந்தது. பொருள் அறியாதவனையும் ஆடவைப்பது. ஆடட்டும். ஆனால் பைவான் மொழியின்முன், மாண்டரின் மட்டுமே கற்ற தைப்பே நகரத்து இளைஞனும் ஓர் அயல்நாட்டானே. சொற்பொருட் பட்டியலை மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் அவனும் அதைக் கேட்க வேண்டியுள்ளது.