‘இயங்குகிறது’ என்னும் சொல்

தரவு மையங்களைப் பற்றி இக்காலத்தில் எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் பருமனையே வியந்து எழுதுகின்றனர். இத்தனை ஆயிரம் சேவர்கள், இத்தனை மெகாவாற் மின்சாரம் என்று கணக்குக் காட்டுவர். அக்கட்டடத்தின் ஒரு மூலையில், அல்லது வேறொரு நகரத்தில், திரையொன்றின் முன் அமர்ந்து அத்தனை சேவர்களினதும் நலத்தை ஒரே பார்வையில் அறிய முயலும் மனிதனைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். அவன் முன்னுள்ள திரையை டாஷ்போர்ட் என்று வழங்குவர். பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகளும், ஏறி இறங்கும் கோடுகளும், சில எண்களும் நிறைந்த பலகை அது. அதனை நான் இயந்திரமாகக் கருதவில்லை. வாசித்துப் பொருள் கொள்ள வேண்டிய ஒரு பனுவலாகவே கருதுகிறேன். ஆதலின் இலக்கியப் பக்கமொன்றில் அதனைப் பற்றிப் பேசுதல் பொருத்தமற்றதாகாது.

பனுவல் என்றால் அதனை எழுதுவோர் யார் என்ற வினா எழும். ஒவ்வொரு சேவரின் தாய்ப்பலகையிலும் சிறு கணினியொன்று தனியே பொருத்தப்பட்டிருக்கும். பெரிய கணினி நின்றுபோயினும், மின்னிணைப்பு உள்ளவரை இது விழித்திருந்து, வெப்பநிலை, விசிறியின் சுழற்சி, மின்னழுத்தம் ஆகியவற்றை அறிவிக்கும். இதற்கான பொதுமுறையொன்றை இன்டெல், டெல், ஹியூலற் பக்கார்ட், என்.ஈ.சி. ஆகிய நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டில் வெளியிட்டன. இஃதன்றி, சேவரின் உள்ளிருந்து நினைவகம், வன்தட்டு முதலியவற்றின் நிலையைச் சொல்லும் மென்பொருள்களும் உள. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கப்பெற்ற புரொமீதியஸ் அவற்றை நாடிச் செல்லும் ஒரு கருவி. அது சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கணுவினிடமும் சென்று அளவுகளைக் கேட்டு வாங்கும். பதில் கிடைத்தால் ‘அப்’ என்னும் பெயருக்கு நேரே 1 என்று குறிக்கும்; கிடைக்காவிடின் 0 என்று குறிக்கும்.

அந்த 1 கூறுவது யாது? கதவைத் தட்டினோம், உள்ளிருந்து ஒரு குரல் வந்தது என்பதே. அவ்வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளைகள் உண்டனரா என்பதை அது கூறவில்லை. கூறுவதாகப் பாசாங்கு செய்யவுமில்லை. பாசாங்கு நம்முடையது. 1 என்பதைப் பச்சையாக்கி, அதன் அருகே ‘நலம்’ என்று எழுதி வைப்பவன் மனிதனே.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று நினைப்போருக்கு 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதியை நினைவூட்ட விரும்புகிறேன். அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரத்தை இழந்தனர். இரு நாடுகளும் கூட்டாக அமைத்த விசாரணைக் குழு 2004 ஏப்ரிலில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மின்கம்பியின் கதை என்றே பலரும் அதனை நினைவில் வைத்துள்ளனர். என் எண்ணத்தில் அதன் நடுப்பகுதி சேவர்களைக் கண்காணித்தவர்களின் கதை.

ஒஹாயோ மாநிலத்துப் பெர்ஸ்ட் எனர்ஜி கம்பெனியின் கட்டுப்பாட்டறையில், பிற்பகல் 2.14க்குப் பின்னர் அபாய அறிவிப்பு மென்பொருள் ஓசையின்றி உறைந்துபோயிற்று. தான் உறைந்ததை அது எவருக்கும் சொல்லவில்லை. திரைகள் அணையவில்லை, புதிய அபாயம் எதுவும் திரையில் வரவில்லை, அவ்வளவே. அபாயம் வரவில்லையெனில் அபாயம் இல்லையென்றுதான் அங்கிருந்தோர் பொருள் கொண்டனர். 2.32க்கு அயல் கம்பெனியொன்று தொலைபேசியில் அழைத்து, இரு கம்பெனிகளுக்கும் இடைப்பட்ட மின்வழியொன்று துண்டித்து மீண்டதைப் பற்றி வினாவியது. கேட்டவர்களின் திரையில் அதற்கு அடையாளமே இல்லை.

2.41க்கு அம்மென்பொருளைத் தாங்கிய முதன்மைச் சேவர் விழுந்தது. அதன் பொறுப்புகளை ஏற்ற மாற்றுச் சேவரும் 13 நிமிடங்களில் விழுந்தது. சேவர் விழுந்ததென்ற செய்தி கணினிப் பிரிவினருக்குத் தானாகவே சென்றது. அவ்வளவில் கண்காணிப்பு தன் கடமையைச் செய்தது. அவர்களும் முயன்று 3.08க்குச் சேவரை மீளத் தொடக்கினர். தொடக்கச் சோதனைகள் யாவும் நன்றாகவே முடிந்தன. கணினி இயங்கியது, அதிலிருக்க வேண்டிய செயல்முறைகள் அனைத்தும் இயங்கின. வேலை முடிந்ததென்று அவர்கள் நம்பினர். அபாய அறிவிப்போ உறைந்தபடியே கிடந்தது. அதைக் கட்டுப்பாட்டறையில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்ய எவருக்கும் தோன்றவில்லை. இதற்கிடையில் 3.05க்கும் 3.32க்கும் 3.41க்கும், 345 கிலோவோல்ற் மின்வழிகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, தாழ்ந்து மரங்களிற் பட்டுத் துண்டித்தன. 4.05க்குப் பின் தொடங்கிய பெருஞ்சரிவு 4.13க்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

கணினிப் பிரிவினர் பொய் சொல்லவில்லை, சோம்பியிருக்கவுமில்லை. ‘இயங்குகிறதா?’ என்று கேட்டனர். ‘இயங்குகிறது’ என்ற உண்மையான விடையைப் பெற்றனர். ஆனால் சேவர் இயங்குவது வேறு, அச்சேவர் யாருக்காக வைக்கப்பட்டதோ அவருக்கு அது பயன்படுவது வேறு. நம் பேச்சிலும் இரண்டிற்கும் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறோம். மணிக்கூடு ஓடுகிறது என்கிறோம். சரியான நேரம் காட்டுகிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். வீட்டுச் சுவரில் இது பெருங்கேடன்று. வங்கிக் கணக்கும், வைத்தியசாலைக் குறிப்பும், பரீட்சைப் பெறுபேறும் சேவர்களிலே தங்கியுள்ள காலத்தில் இம்மயக்கத்தைப் பொறுத்துக்கொள்ள இயலாது.

வேறொரு வகையான பிழையும் உண்டு. 2017 பெப்ரவரி 28ஆம் திகதி, அமேசானின் வட வேர்ஜீனியா மையங்களில், சில சேவர்களை நீக்குவதற்கான கட்டளையொன்று தவறாகத் தட்டப்பட்டமையால் கருதியதினும் மிகுதியான சேவர்கள் நீக்கப்பட்டு, எஸ்3 என்னும் களஞ்சியச் சேவை நின்றது. வாடிக்கையாளருக்குச் சேவைகளின் நலத்தைக் காட்டும் பலகையை நிருவகிக்கும் பகுதியும் அதே களஞ்சியத்தையே நம்பியிருந்தது. ஆகவே அவ்விடத்து நேரப்படி காலை 9.37 முதல் 11.37 வரை, முழுதாக இரண்டு மணி நேரம், ஒவ்வொரு சேவையின் நிலையையும் அப்பலகையில் மாற்றிக் காட்ட இயலவில்லை. டுவிட்டரில் எழுதிச் செய்தி சொல்ல வேண்டியதாயிற்று. காவற்காரனும் நோயாளியின் கட்டிலிலேயே படுத்திருந்தான் என்க. பின்னர் அந்நிர்வாகப் பகுதியைப் பல பிராந்தியங்களில் இயங்குமாறு திருத்தினர்.

இவற்றுக்கெல்லாம் மருந்து மேலும் பல அளவுகளைத் திரையில் ஏற்றுவதே என்போர் உளர். நான் இதனை ஏற்கவில்லை. ஆயிரம் சேவர்களில் ஒவ்வொன்றிலும் நூறு அளவுகள் எடுப்பின் ஒரு லட்சம் கோடுகள் ஆகும். அவற்றை வாசிக்கும் கண் எங்கே? சராசரி எடுத்துச் சுருக்கலாம் என்பர். முப்பது விநாடி முழுச் சுமையில் திணறி, முப்பது விநாடி வெறுமனே கிடந்த சேவரும் ஒரு நிமிடச் சராசரியில் ஐம்பது வீதம் என்று அழகாகத் தோன்றும். நாளெல்லாம் காரணமின்றி ஒலிக்கும் அபாய மணியை மனிதர் கேட்காமலே இருக்கப் பழகிவிடுவர் என்பதையும் சேர்த்துக்கொள்க.

கணினி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மாணவர் இப்போது ஒரே மாலையில் கண்கவர் பலகையை அமைத்துவிடுகின்றனர். அதற்குப் புள்ளிகளும் பெறுகின்றனர். அதிலுள்ள ஒவ்வொரு பச்சைப் புள்ளிக்கும், எவரிடம் எவ்வினா கேட்கப்பட்டு இவ்விடை பெறப்பட்டது என்பதை முழு வாக்கியமாகத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சேவரை உயிரோடு விட்டு, அது செய்யும் பணியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பலகை பச்சையாகவே இருந்தால் அம்மாணவர் தாம் எழுதிய வாக்கியத்தை மீண்டும் வாசிக்கட்டும். வெளியிலிருந்து சாதாரண வாடிக்கையாளர் போல நுழைந்து, ஒரு சிறு வேலையைத் தொடங்கி முடித்துப் பார்க்கும் நிரலொன்றை அவர் அடுத்துத் தாமாகவே எழுதத் தொடங்குவார் என்பது என் நம்பிக்கை.

இத்துறையினர் கண்ட உபாயங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. புரொமீதியஸைப் பயன்படுத்துவோர் பலர், எக்காலமும் ஓயாது ஒலிக்கும் ஓர் அபாய மணியை வேண்டுமென்றே அமைத்து, அதற்குக் காவல்நாய் என்று பொருள்படும் வோச்டோக் என்ற பெயரிட்டுள்ளனர். அம்மணியின் ஒலி தரவு மையத்துக்கு வெளியே, வேறொருவரின் பொறுப்பிலுள்ள இடத்துக்குச் சென்றுகொண்டேயிருக்கும். அது ஓய்ந்த கணத்தில், உறங்கும் பொறியியலாளரை அவ்வெளியிடம் எழுப்பும். ஒஹாயோவின் கட்டுப்பாட்டறையில் அன்று இல்லாதிருந்தது இத்தகைய ஒன்றே. ஆயினும் இதுவும், அபாயச் செய்தி புறப்படும் வழி திறந்திருக்கிறது என்பதை மாத்திரமே சொல்லும். அச்செய்தியைப் பெற்றவர் எழுந்து சென்று, திரையின் முன் இருப்பவரிடம் ‘உங்களுக்கு இப்போது தெரிகிறதா?’ என்று கேட்டாரா என்பதைச் சொல்லாது.