நகராத கம்பர்

புனே கோத்ரூட்டிலிருந்து நாத்தனார் ஃபோன். "அண்ணி, என் இடுப்பெலும்பு நகர்ந்துடுச்சாம். பத்து சிட்டிங்கில் உள்ளே தள்ளிடுவாங்களாம்." படுக்க வைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, இடது கால் அரை அங்குலம் குட்டை என்று காட்டினாராம் சிட்டிங் போடும் மகானுபாவர். 'ஹாட் சரக்லே' என்றாராம். எலும்பு நழுவிவிட்டது என்று அர்த்தம். முன்பணம் 15,000 ரூபாய் மட்டும் எங்கும் நழுவாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மராத்தியில் இடுப்புக்குக் 'கம்பர்' என்று பெயர். நம்முடைய கம்பரோ சீதைக்கு இடை என்று ஒன்று உண்டா என்றே சந்தேகப்பட்டவர். இந்த எலும்பு தள்ளுகிறவர்களுக்கு அவர் எவ்வளவோ தேவலை.

நழுவுவதற்கு இடுப்பெலும்பு என்ன சோப்பா? முதுகுத்தண்டின் அடியில் ஆப்பு மாதிரி இறங்கியிருப்பது திருவெலும்பு. இரு பக்கமும் இடுப்பெலும்புகள். சேரும் இடம் மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று பதிந்து கிடக்கும். பின்னால் இடைவெளி முழுக்கத் திணித்து வைத்தது போல லிகமென்ட், ஜவ்வு என்கிறோமே அது. உடம்பிலேயே மிகப் பலமான ஜவ்வுகளில் ஒன்று. போதாதென்று, திருவெலும்பிலிருந்து நாம் உட்காரும் எலும்புக்கு ஒரு தடித்த பட்டை. அதற்கு முன்னால் இன்னொன்று. மேலே சுமை ஏற ஏற ஆப்பு கீழே இறங்கப் பார்க்கும், ஜவ்வு இழுபடும், இழுபட்ட ஜவ்வு இரண்டு இடுப்பெலும்பையும் திருவெலும்போடு இன்னும் இறுக்கும். சுமையே பூட்டு.

நம்பாதவர்கள் வாரி பாதயாத்திரை சமயத்தில் ஹடப்சர் தாண்டி திவே காட் மலைப்பாதையில் போய் நிற்கட்டும். ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் சுமார் 250 கிலோமீட்டர். தலையில் துளசி மாடம், காலில் ரப்பர் செருப்பு, மலையேறுகிறாள் எழுபது வயதுப் பாட்டி. ஏசி அறையில் லேப்டாப் தட்டுகிறவளுக்கு நழுவுகிற எலும்பு, அந்தப் பாட்டிக்கு ஏன் நழுவவில்லை? பண்டரிபுரத்து விட்டலன் பிடித்துக்கொண்டானா?

1998இல் ஸ்வீடன்காரர்கள் 10 நோயாளிகளின் எலும்புக்குள் டான்டலம் உலோகக் குண்டுமணிகளைப் பதித்து, இடுப்பைத் திருகுவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரேயில் அளந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்ததில் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. சாதாரணமாக இடுப்பெலும்பும் திருவெலும்பும் சேரும் மூட்டு அசைவதே சராசரியாக இரண்டரை டிகிரி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதில் அரை அங்குலம் எங்கிருந்து வந்தது?

சிட்டிங்கில் 'டக்' என்று சத்தம் கேட்டதாமே! மைக்கை முதுகில் ஒட்டவைத்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். விரலில் சொடக்கு எடுத்தாலும் அதே சத்தம்தான், மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழி. அதற்கு யாரும் பணம் கட்டுவதில்லை.

லாரி மோதினால் இடுப்பு வளையம் பிளக்கும்; அப்போது ஆபரேஷன் தியேட்டர்தான். கர்ப்பத்தில் ஜவ்வு இளகும், வலிக்கும். அதுவும் நழுவல் இல்லை. ஆனால் பிள்ளை பெற்றவளிடம் "இடுப்பு திறந்து கிடக்கு" என்று சொல்லி நாற்பது நாள் மூலையில் கிடத்தும் பாட்டிமார் நம் வீட்டிலும் உண்டு. நாத்தனாரின் வலி நிஜம், நான் மறுக்கவில்லை. பள்ளமும் வேகத்தடையுமான இந்த ரோட்டில் தினமும் ஸ்கூட்டரில் இரண்டு மணி நேரம் போகிறாள், எந்தத் தசைக்குத்தான் வலிக்காது? ரோடு போட்டவனை விட்டுவிட்டு எலும்பைப் பிடித்துக்கொள்கிறோம்.

நேற்று மறுபடி ஃபோன். மூன்றாவது சிட்டிங் முடிந்ததாம். இப்போது வலது கால் குட்டையாம்.