முதல் நாளுக்குப் பெயரிட்டவர் யார்?

1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை விடியற்காலை. போலந்தின் வியேலுன் நகர்மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின, மருத்துவமனையும் தப்பவில்லை. டான்ட்சிக் துறைமுகத்தை ஒட்டிய வெஸ்டர்பிளாட்டை நோக்கிப் போர்க்கப்பலின் பீரங்கிகள் முழங்கின. போர்ப் பிரகடனம் எதுவும் இல்லை. அன்று காலை ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஹிட்லர், நடப்பது ‘திருப்பிச் சுடுதல்’ என்றார். படையெடுப்புக்குத் தற்காப்பு என்று பெயர் சூட்டியாயிற்று.

அப்பெயரிடலின் விலையை அதே நாளில் டான்ட்சிக்கின் போலந்து அஞ்சலகம் காட்டிற்று. அதன் ஊழியர்கள் விடியலிலிருந்து மாலைவரை எதிர்த்து நின்று சரணடைந்தனர். ஜெர்மன் இராணுவ நீதிமன்றம் அவர்களைப் போர்வீரர் என ஏற்காமல், சட்டவிரோதமாக ஆயுதம் ஏந்தியோர் என்றது. அக்டோபர் 5 அன்று 38 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்தீர்ப்பை ஒரு ஜெர்மன் நீதிமன்றம் ரத்து செய்ய 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிழக்குப் போலந்தினருக்கு முதல் நாள் செப்டம்பர் 17 அன்று வந்தது. அன்று உள்நுழைந்த சோவியத் படை, உக்ரேனிய, பெலாரஸிய மக்களைக் காக்க வந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் நாடு கடத்தப்பட்ட குடும்பங்களின் குழந்தைகள் சிலரே 1942இல் ஜாம்நகரை அடுத்த பாலாசடி முகாமுக்கு வந்து சேர்ந்தனர்.

இந்தியாவுக்கான நாளைக் குறித்தவரும் இந்தியர் அல்லர். செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் எவரையும் கலந்தாலோசிக்காமல், நாடு போரில் இருப்பதாக அறிவித்தார். கொல்கத்தாவின் வகுப்பறைகளிலும் சென்னையின் வகுப்பறைகளிலும் அந்தப் போரின் தொடக்கம் பெரும்பாலும் இந்த அறிவிப்பாகவே நினைவுகூரப்படுகிறது. போலந்து அதற்கு முந்தைய ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு வங்காளி இருந்தார். வார்சா பல்கலைக்கழகத்தில் இந்திய மொழிகளைக் கற்பித்துவந்த ஹிரண்மய் கோஷால், முற்றுகைக்குள்ளான அந்நகரின் அனுபவத்தை வங்காளத்தில் எழுதினார். நூலின் தலைப்பு ‘மகத்தர யுத்தேர் பிரதம் அத்யாய்’. மகத்தர யுத்தத்தின் முதல் அத்தியாயம். 1914இல் தொடங்கிய போர் ‘மகாயுத்தம்’ எனப்பட்டது. ‘தர’ என்னும் ஒப்பீட்டு விகுதி, அதனினும் பெரியது இது என்கிறது. ‘முதல் அத்தியாயம்’ என்பது, முடிவு கண்ணுக்கெட்டவில்லை என்கிறது. வரிசை எண்ணிட்டு ‘இரண்டாம் உலகப் போர்’ என்று சொல்வதில் இந்த நடுக்கம் மறைந்துவிடுகிறது.

உள்ளிருந்து எழுதியவருக்கு முழுச் சித்திரமும் தெரிந்திருக்காது என்று வரலாற்று மாணவர் மறுக்கலாம். மறுப்பு சரியானதே. ஆயினும் முதல் நாளில் மனிதர் எதை அறிந்திருந்தனர், எதை அறியாதிருந்தனர் என்பதற்கு அத்தகைய எழுத்தைவிட நெருங்கிய சான்று வேறில்லை. வெற்றி பெற்றவரின் ஆவணமும் படையெடுத்தவரின் உரையும் மூலச் சான்றுகளாக மதிக்கப்படும் துறையில், ஓர் இந்திய மொழியில் எழுதப்பட்ட சாட்சியம் வங்காள இலக்கியத்தின் ஓரத்தில் மட்டும் நிற்பது நியாயமன்று. போர் வரலாற்றுப் பாடத்திட்டத்தில் அதற்கு இடம் வேண்டும். பிற இந்திய மொழிகளுக்கு அது பெயர்க்கப்பட வேண்டும்.

படையெடுப்பவர் தம் முதல் நாளுக்குப் பெயரை முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார். இன்றைய போர்களிலும் ‘தற்காப்பு’, ‘பாதுகாப்பு’, ‘நடவடிக்கை’ என்னும் சொற்கள் குண்டுகளோடு சேர்ந்தே வருகின்றன. அச்சொற்களை அப்படியே மேற்கோள் காட்டுமுன், குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர் அந்நாளுக்கு என்ன பெயரிட்டார் என்று தேடுவது ஆய்வாளரின் முதற்கடமை.