பாட்டென்றால் படப்பாட்டுத்தானா?

புதிய திரைப்படமொன்றின் பாடல்கள் வெளிவருந்தோறும், புத்தளத்திலும் சிலாபத்திலும் கற்பிட்டியிலும் சங்கீதப் பிரியர்களான நம் இளைஞர் தமக்குள் நடத்தும் சர்ச்சையில், இசையமைப்பாளர் பெயரால் இரண்டு, பாடகர் பெயரால் இரண்டு, பழைய பாட்டா புதிய பாட்டா என்பதால் இரண்டு என எத்தனை கட்சிகள் பிரிந்து நின்றாலும், அக்கட்சியினர் எல்லாரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் சித்தாந்தம் ஒன்று உண்டு. தமிழில் பாட்டென்றால் அது படப்பாட்டே என்பதும், தானே எழுதித் தானே மெட்டமைத்துத் தானே பாடுகிற வழக்கம் மேனாட்டாருக்கு உரியது என்பதும், நம்மவர் எவரேனும் அவ்வாறு பாட முற்பட்டால் அது படத்தில் இடம் கிடையாதவரின் மனச்சமாதானமேயன்றி வேறன்று என்பதுமே அந்தச் சித்தாந்தம்.

திரைப்பாட்டை இழித்துரைப்பது என் நோக்கமன்று. வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்து அதைக் கேட்டு வளர்ந்த கோடானுகோடி தமிழருள் நானும் ஒருவன். அதன் இனிமையை மறுப்பவன் தன் செவியையே மறுப்பவனாவான். ஆயினும், ஒன்றன்மேல் கொண்ட அன்பின் மிகுதியால் மற்றொன்றின் பிறப்புரிமையைப் பறிப்பது நியாயமாகாது. அதிலும் இந்தக் கரையோரத்தில் பிறந்தவர்கள் அவ்வாறு பேசுவது, தம் வாசலிலேயே நிற்கும் சாட்சியை விசாரியாமல் தீர்ப்புச் சொல்வதாகும். ஆகவே, அந்தச் சித்தாந்தத்துக்கு ஆதாரமாகக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலாவது காரணம், பாடலைப் படைத்தவரே பாடுவது மேனாட்டு வழக்கம் என்பது. பாப் டிலனுக்கு 2016-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நொபெல் பரிசு அளிக்கப்பட்டதைச் சுட்டி, இத்தகைய கலைஞர் அங்கேதான் தோன்ற முடியும் என்பார்கள். ஆனால், நமக்கு வடக்கே மன்னார்க் கரையில் விளங்கும் திருக்கேதீச்சரத்தின்மேல் சம்பந்தரும் சுந்தரரும் அருளிய பதிகங்கள் சொல்லாகவும் பண்ணாகவும் ஒருங்கே பிறந்தவை அல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரத்தைப் பாடித் தந்த கோபாலகிருஷ்ண பாரதியாரும், தம் பாடல்களுக்கு இராகமும் தாளமும் தாமே குறித்துத் தாமே பாடிக்காட்டிய சுப்பிரமணிய பாரதியாரும் எந்த மேனாட்டாரைப் பார்த்துப் பழகினார்கள்? சாகித்தியமும் சங்கீதமும் ஒருவரிடமே கூடிநிற்கும் வாக்கேயக்காரர் மரபு, பேசும்படம் பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் வேரூன்றி நின்றதாகும்.

பெரியோர் பெயர்களைச் சொல்லி வாதத்தை வென்றுவிட்டதாக எவரும் எண்ண வேண்டா; கல்வியும் கச்சேரியும் அறியாத கடற்கரைக்கே வருவோம். சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில், ஆடி மாதத்துத் தீமிதிப்பால் புகழ்பெற்ற திரௌபதி அம்மன் கோயிலைக் கொண்ட உடப்பு என்னும் மீனவக் கிராமத்தில், கரைவலை இழுப்பவர் பாடும் அம்பாப் பாட்டைக் கூர்ந்து கேட்டவர் எவரும் இந்த முதற் காரணத்தை மறுமுறை சொல்லமாட்டார். தோணி கடலில் வளைந்து சென்று வலையை இறக்கிவிட்டு வந்தபின், ஒன்றற்கொன்று எட்ட நிற்கும் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் பற்றி, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுக்கையில், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவரெல்லாம் ஏலேலோ என்று ஏற்றுப் பாடுகின்றனர். வலையின் மடி தொலைவில் இருக்கும்வரை நீண்டு இழையும் அடி, அது கரையை நெருங்க நெருங்கக் குறுகி, விரைந்து, ஈற்றில் மூச்சளவே உள்ள ஒற்றைச் சொல்லாக முடிகிறது. அடியெடுத்துக் கொடுப்பவரோ, முன்னோர் விட்டுச்சென்ற அடிகளை ஒப்புவிப்பதோடு நில்லாமல், அன்றைய மீன்பாட்டையும், வலைக்குரிய சம்மாட்டியின் கணக்கையும், கயிற்றைப் பிடிப்பதுபோல் பாசாங்கு செய்யும் சோம்பேறியையும், அம்மனின் அருளையும் அவ்வப்போதே சொல்லாக்கி இடையிடையே கோத்துப் பாடுகிறார். இயற்றுபவர், இசைப்பவர், பாடுபவர் என்னும் மூவரும் ஒருவராகிய அவருக்குப் பாட்டுக்காரர் என்ற பட்டத்தை மறுத்துவிட்டு, அதே தொழிலைக் கித்தாருடன் செய்யும் அமெரிக்கருக்கு அதனை அளிப்பது என்ன நீதி?

இரண்டாவது காரணம், திரைப்பாட்டே ஊற்று, தனிப்பாட்டெல்லாம் அதிலிருந்து கசிந்தது என்பது. சரித்திரம் இதனை அடியோடு மறுக்கிறது. 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸ், தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளைக் கடன் வாங்கியே தன் வாயைத் திறந்தது. பாபநாசம் சிவன், மயிலாப்பூர் வீதிகளில் மார்கழிப் பஜனை பாடியும் கீர்த்தனைகள் இயற்றியும் தம் பெயரை நிலைநாட்டிய பின்னரே படவுலகுக்கு அழைக்கப்பட்டார். 1939-ஆம் ஆண்டுத் தியாகபூமியில் சம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்த அவரைச் சினிமா உண்டாக்கவில்லை, சினிமாவுக்குத்தான் அவர் தேவைப்பட்டார். 1976-ல் அன்னக்கிளியால் தமிழ்நாட்டின் செவியையே திருப்பிய இளையராஜா, அதற்கு முன் தம் தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் தாமே இயற்றிப் பாடிய பாடல்களுக்கு வாத்தியம் வாசித்து ஊர் ஊராகச் சென்றவர். இன்றைய ரசிகர் போற்றும் அந்த மேதைக்கு முதற் பாடசாலையாக அமைந்தது தனிப்பாட்டுக்காரர் ஒருவருடைய மேடையே.

நம் நாட்டுக்கு வந்தால் சான்று இன்னும் தெளிவாகிறது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’, சிங்களமும் தமிழும் கலந்து, கடல்மீனைக் காதலிக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கடற்கரைக் காதலைப் பாடுவது. எந்தப் படத்தின் துணையுமின்றி இலங்கை முழுவதும் ஒலித்துக் கடல் கடந்த அப்பாட்டை, 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்ப்படம் எடுத்தாண்டது. அண்மைக் காலத்தில், யோஹானியின் குரலால் 2021-ல் உலகெங்கும் பரவிய ‘மெனிக்கே மகே ஹித்தே’ என்ற சிங்களப் பாட்டை, மறு ஆண்டே ‘தேங்க் காட்’ என்ற இந்திப்படம் தன்னுடையதாக்கிக்கொண்டது. கொடுத்தவர் யார், பெற்றுக்கொண்டவர் யார் என்பதில் இனியும் சந்தேகத்துக்கு இடமுண்டோ?

மூன்றாவது காரணம் சற்று வலிமை உடையது; ஆதலால் அதனை மதிப்போடு அணுகவேண்டும். மெட்டமைப்பவர் ஒருவர், சொல் அமைப்பவர் ஒருவர், குரல் கொடுப்பவர் ஒருவர், வாத்தியக்காரர் பலர் எனத் தத்தம் கலையில் தேர்ந்தவர் கூடிச் செய்யும் திரைப்பாட்டின் செம்மை, தனியொருவர் செய்யும் பாட்டுக்கு வாராது என்கிறார்கள். 1992-ல் ரோஜாவின் பாடல்களை முதன்முதல் கேட்டபோது ஒலிப்பதிவின் துல்லியத்தில் நாம் அடைந்த வியப்பை நினைத்துப் பார்த்தால், இதில் உண்மை உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், கூடிச் செய்வது சினிமாவுக்கு மட்டும் உரிய தருமமன்று. கரைவலைக் கயிற்றைப் பற்றி நிற்கும் கூட்டத்தார் எல்லாரும் சேர்ந்தே அம்பாவை முழுமையாக்குகிறார்கள் என்பதை முன்பே கண்டோம். அன்றியும், திரைப்பாட்டின் செம்மை என்பது கதைச் சூழலுக்கும், கதாநாயகனின் பெருமைக்கும், முன்னரே அமைந்துவிட்ட மெட்டுக்கும் பொருந்தி நிற்கும் செம்மையாகும். அந்தச் சூழலுக்குள் வாராத வாழ்க்கையை அது பாட மாட்டாது. பாடவில்லையே என்று அதனைக் குறைகூறுவதும் முறையாகாது.

அவ்வாறு வாராது நின்ற வாழ்க்கை நம் மாவட்டத்தில் எவ்வளவு! கண் கூசும் வெயிலில் புத்தளத்து உப்பளங்களில் உப்பு வாரிக் குவிப்பவரின் பாதம் வெடித்த கதையை எந்தக் காதற் காட்சி கேட்கும்? 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கைக்கு அகப்பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு வடமாகாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர், புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்களே. விட்டுவந்த வீட்டு முற்றத்தையும் கிணற்றையும் எண்ணி ஏங்கிய அந்த ஏக்கம் பாட்டாக வேண்டுமானால், சென்னையிலிருந்து படம் வரும்வரை அது காத்திருக்க வேண்டுமா? அதனை அனுபவித்தவர் எழுதி, அனுபவித்தவர் குரலிலேயே பாடும் பாட்டுக்கு ஒலிப்பதிவில் சில குறைகள் இருக்கலாம், உண்மையில் குறையிராது. கலையின் செம்மைக்கு இரண்டும் அளவுகோல்கள் என்பதை மறந்துவிட்டு, ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அளப்பதால் விளைந்த தவறே இந்த மூன்றாவது காரணம்.

நான்காவது காரணம், ஈழத்துப் பொப் பாடல்களும் பைலாவும் வெறும் கேளிக்கை, கனமற்றவை என்பது. பைலாவின் வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு சொல்லத் துணியார். போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், ஆங்கிலேயரும் வெவ்வேறு காலங்களில் அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் சந்ததியார், காப்பிரி என்ற பெயரால் வழங்கப்பட்டு, புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய முன்னோரின் ஆபிரிக்க பாஷைகள் மறைந்தன. பின்னர்ப் பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழியும் நாளடைவில் வீட்டுப் பேச்சிலிருந்து நீங்கிச் சிங்களம் அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும் மாஞ்ஞா என்னும் பாட்டு மட்டும் நீங்கவில்லை. றபானும், தேங்காய்ச் சிரட்டையும், கரண்டியால் தட்டப்படும் கண்ணாடிப் போத்தலும் தாளம் கூட்ட, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகம் பெற்று உடலை எழுப்பி ஆடவைக்கும் அப்பாட்டில், பொருள் முழுதும் விளங்காத சொற்களைக்கூட ஓர் எழுத்தும் சிதையாமல் காக்க முயல்கிறார்கள் அம்மக்கள். நாடும் மொழியும் பறிபோன ஒரு சமூகம் இறுதிவரை கைவிடாமல் பற்றிக்கொண்ட செல்வத்தைக் கேளிக்கையென்று சொல்ல நமக்கு நா எழுமா?

அந்த ஆபிரிக்க, போர்த்துக்கேயத் தாளத்தின் உறவினதாகிய கப்ரிஞ்ஞாவை எடுத்துத்தான், பொலிஸ் சேவையில் இருந்த வாலி பாஸ்டியன் என்னும் பறங்கியர் 1940-களில் சிங்களச் சொற்களை இட்டுத் தாமே பாடிப் பைலாவை நாடறியச் செய்தார். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் 1960-களின் பிற்பகுதியில் அதே துள்ளல் நடையில் தாமே எழுதிப் பாடியவற்றுள், ‘சின்ன மாமியே’ மட்டுமன்றி, கள்ளுக்கடையை நாடிச் சென்று குடும்பத்தைக் கெடுத்துக்கொள்பவனுக்குப் புத்தி சொல்லும் பாட்டும் உண்டு. துள்ளும் தாளத்தில் ஏறிச் சென்றதனாலேயே அந்த உபதேசம், பிரசங்கிகளின் சொல் நுழையாத இடங்களுக்குள்ளும் நுழைந்தது. கால்கள் ஆடும்போது கருத்து உறங்கிவிடும் என்று யார் சொன்னார்கள்?

ஐந்தாவதும் இறுதியானதுமான காரணம், ஜனங்கள் இத்தகைய பாட்டை விரும்புவதில்லை, விரும்பினால் அது ஏன் அருகிப்போக வேண்டும் என்பது. அம்பா அருகியது செவிகள் வெறுத்ததனால் அன்று. கயிற்றை மனிதர் இழுத்த இடத்தில் இயந்திரம் இழுக்கத் தொடங்கியதனாலும், கரைவலைத் தொழிலை நம்பிப் பிள்ளைகளை வளர்க்க இயலாது போனதனாலும் ஆகும். தொழில் தேய்ந்தபோது தொழிற்பாட்டும் தேய்ந்தது; இதனை ரசனையின் தீர்ப்பாகக் கொள்வது காரணத்தை மாற்றி உரைப்பதாகும். மக்கள் விருப்பத்தை அறியவேண்டுமானால், 2021-ல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யைப் பாருங்கள். சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய அப்பாட்டு எந்தப் படத்திலும் இடம்பெற்றதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய குடும்பத்தவரான தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த பொருளை உட்கொண்டது. நடிகர் முகமோ, படத்தின் விளம்பரமோ இல்லாமலே அது கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. ஜனங்கள் கேட்கமாட்டார்கள் என்று சொன்னவர்கள், ஜனங்களுக்குக் கேட்கக் கொடுத்துப் பாராதவர்களே.

இவ்வைந்து காரணங்களும் நிற்கமாட்டா என்பது தெளிவாயின், நம் ரசிகர் செய்யவேண்டுவது யாது? திரைப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் சொல்லிப் பாட்டை ஒலிபரப்பிய இலங்கை வானொலியின் பழக்கத்தில் ஊறிய நாம், இனிமேல் பாட்டைப் படைத்தவரின் பெயரையும் கேட்கப் பழக வேண்டும். உடப்பில் அடியெடுத்துக் கொடுக்கும் முதியோரின் அம்பாக்களை, துண்டு துண்டாக அன்றி முதலிலிருந்து முடிவுவரை, பாடியவர் பெயரோடு பதிவு செய்யும் வேலையை, கையில் கைபேசி உள்ள எந்த இளைஞரும் வரும் கரைவலைப் பருவத்திலேயே தொடங்கலாம். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளில், மாணவர் தம் ஊரைப்பற்றித் தாமே இயற்றிய பாட்டைத் தாமே பாடுவதற்கு ஓர் இடம் ஒதுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்கலாம். புதிய படத்தின் பாட்டைப்பற்றி வாதிடும்போதும், அது எந்தப் படத்தினது, எவருடைய இசை என்பதோடு நில்லாமல், அது எவருடைய வாழ்வைப் பாடுகிறது, உண்மையாகப் பாடுகிறதா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு முன் திரைப்பாட்டும் தனிப்பாட்டும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நல்லது எங்கிருந்து வந்தாலும் ஏற்கவேண்டும். தன் கரையின் பாட்டைத் தானே இயற்றிப் பாடும் உரிமையை இரவல் வழக்கமென்று விட்டுக்கொடுப்பவனுக்கு, உலகத்துப் பாட்டெல்லாம் கையில் இருந்தாலும் தன் வாழ்வைச் சொல்ல ஒரு பாட்டும் மிஞ்சாது.