ஊர்ப்பெயரை யார் நிரப்புவது?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் வருவது நாலந்தா. நாலந்த, நாளந்தா, நாலண்டா என்றெல்லாம் நிருபர்கள் எழுதியனுப்பியதைத் திருத்தித் திருத்தி அலுத்தவன் நான். பத்திரிகையிலாவது திருத்த ஆளிருந்தது. கள ஆய்வுப் படிவத்தில் அப்படி நான்கு எழுத்துக்கூட்டல்கள் வந்தால், கணினி நான்கு ஊர்கள் என்றே எண்ணிக்கொள்ளும்.

ஆகவே, கைத்தொலைபேசி ஜி.பி.எஸ். மூலம் தான் நிற்குமிடத்தை அறிந்து, முன்னரே ஏற்றிவைத்த எல்லை வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஊர்ப்பெயரைத் தானே நிரப்பும் ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். இலங்கையின் 2024 தொகைமதிப்பே டெப்லெட் கருவிகளைக் கொண்டுதான் எடுக்கப்பட்டது. காகிதத்துக்கு இனித் திரும்பப் போவதில்லை.

ஆயினும் ஒரு மறுப்புண்டு. செய்மதி தருவது புள்ளியை மட்டுமே; பெயரைத் தருவது, யாரோ ஒருவர் அலுவலகத்திலிருந்து தயாரித்த பட்டியல். அந்தப் புள்ளியுங்கூட, திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீற்றர் பிழையுடையது. மரச்செறிவிலும் மலைச்சரிவிலும் பிழை பன்மடங்காகும். இலங்கையில் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் 14,000க்கு மேல். எல்லையோரத்து வீடொன்று, கருவியின் தயவால், அடுத்த பிரிவுக்குப் போய்விடலாம்.

நாலந்தாவின் கெடிகேயை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் பாணியிலமைந்த அந்தப் பழைய கற்றளி, மகாவலித் திட்டத்தின் போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்ததால், 1970களில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, வேறிடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. இடம் மாறியது, பெயர் கற்களோடு கூடவே வந்தது. பழைய புள்ளியை மட்டும் நம்பித் தேடுபவருக்கு அங்கே கோயில் கிடைக்காது.

கோயிலை விடுங்கள், அது பேசாது. மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள் பேசுவார்கள். பதிவேட்டில் தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றிருக்கும். லயத்தில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறாயிருக்கும். அதற்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற வேறுபாடும் உண்டு. தலைமுறைகளாகத் தனி முகவரியின்றி, தோட்ட அலுவலகத்தின் வழியாகவே கடிதம் பெற்று வந்தவர்கள் இவர்கள். அவர்களிடம் கேளாமலே பக்கத்துக் கடைவீதியின் பெயரைக் கருவி இட்டு நிரப்பி, அதைத் திருத்தவும் இடமில்லாது பூட்டிவிட்டால், உதவித்திட்டமோ வீட்டுத்திட்டமோ எந்த லயத்துக்கு உரியது என்று பிறகு யார் சொல்வது? நிரப்பப்பட்ட கட்டத்தைக் கண்டால் கணக்கெடுப்பவர் கேள்வி கேட்கமாட்டார். அது மனித இயல்பு. குற்றமென்று சொல்ல மாட்டேன்.

எனவே புள்ளியும் பிழையளவும் ஒருபுறம் பதிவாகட்டும். கருவி பெயரை முன்மொழியட்டும். பக்கத்தில் இன்னொரு கட்டம் வெறுமையாக இருக்கட்டும்: "இந்த இடத்தை நீங்கள் என்ன பெயரால் அழைக்கிறீர்கள்?" விடை தமிழில் வந்தால் தமிழிலேயே எழுதப்படவேண்டும். எந்தப் பெயர் கருவி தந்தது, எது வீட்டார் வாய்மொழி என்பதும் தனித்தனியே தெரியவேண்டும். அரை நிமிட வேலைதான் இது.