துணைக்கு மட்டும் பெண்ணா?

2020 ஆகஸ்டில் ஜோ பைடன் தம்முடன் துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தபோது நம் வட்டாரத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அவர் தம் ஏற்புரையில் உறவினர்களைப் பற்றிச் சொல்லும்போது "சித்திகள்" என்ற நம் சொல்லையே உச்சரித்ததைக் கேட்டு என் மனைவி டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். நெருங்கிய நண்பர் ஒருவர் மட்டும், "பெண் என்பதற்காகக் கொடுத்த பதவி சார் இது, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?" என்றார். 2024 நவம்பரில் கமலா ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற மறுநாள் அதே நண்பர் போன் செய்து, "நான் அன்றைக்கே சொன்னேனே!" என்றார். இரண்டு முறையும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். நம் நாட்டில் துணை ஜனாதிபதியைப் பாராளுமன்றத்தின் இரு சபை உறுப்பினர்களும் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படியில்லை. ஜனாதிபதி வேட்பாளர் தமக்கு ஒரு ஜோடியைத் தாமே பொறுக்கி எடுக்கிறார். கட்சி மாநாடு அதை அங்கீகரிக்கிறது. வாக்காளர் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்குப் போடுகிறார். ஆகவே அங்கே இந்தத் தேர்வில் கணக்கு இருந்தே தீரும். 1960-ல் கென்னடி, டெக்சாஸ்காரரான ஜான்சனைச் சேர்த்துக்கொண்டது தென் மாநிலங்களின் வாக்குக்காகத்தான். "டெக்சாஸ்காரர் என்பதற்காகக் கொடுத்த பதவி" என்று ஜான்சனை யாராவது இளப்பமாகப் பேசினார்களா? ஊர், வயது, மதம் என்று எதைப் பார்த்து ஆணைத் தேர்ந்தெடுத்தாலும் அது ராஜதந்திரம். பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் அது சலுகையாகி விடுகிறது.

பெரிய கட்சி ஒன்றின் சார்பில் இந்த இடத்துக்கு முதலில் வந்த பெண்மணி ஜெரால்டின் ஃபெராரோ. 1984 ஜூலை 12-ம் தேதி ஜனநாயகக் கட்சியின் வால்டர் மாண்டேல் அவர் பெயரை அறிவித்தார். அவர் கதை நம் நடுத்தரக் குடும்பங்களில் கேட்கிற கதை போலவே இருக்கும். எட்டு வயதில் தகப்பனாரை இழந்தவர். தாயார் துணியில் மணி கோத்து வேலை செய்து பெண்ணைப் படிக்க வைத்தார். ஃபெராரோ பகலில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து, இரவில் சட்டம் படித்து, வக்கீலாகி, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றி, 1978-ல் நியூயார்க்கிலிருந்து காங்கிரஸ் உறுப்பினரானார். திருமணத்துக்குப் பிறகும் பொது வாழ்வில் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார். தாயார் பட்ட பாட்டுக்கு அது மரியாதை என்றார்.

மாண்டேல் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார்? ரேகனை எதிர்த்து ஜெயிக்க வழியில்லாமல் தவித்தார் என்பதுதான் உண்மை. கருத்துக் கணிப்புகளில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார். பெண்கள் அமைப்புகளும், பெண் வேட்பாளர் வேண்டும், இல்லையேல் மாநாட்டிலேயே போட்டி எழுப்புவோம் என்று நெருக்கின. ஆக, வண்டி நின்று போன பிறகுதான் "அம்மா, நீங்கள் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்" என்று கூப்பிட்டார்கள்.

அதன் பிறகு ஃபெராரோவிடம் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். மிசிசிப்பி மாநிலத்தின் விவசாயத் துறைத் தலைவர், "உங்களுக்கு புளூபெர்ரி மஃபின் செய்யத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும், உங்களுக்கு?" என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். ஒரு டி.வி. பேட்டியில், அணு ஆயுதப் பொத்தானை அழுத்தும் துணிச்சல் உங்களுக்கு உண்டா என்றார்கள். கணவரின் வியாபாரக் கணக்குகளைக் கிளறினார்கள். ஆகஸ்டில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிருபர்கள் முன் நின்று ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். கணக்கு கேட்பதில் தவறில்லை, பொதுப் பதவிக்கு வருகிறவரிடம் கேட்கத்தான் வேண்டும். மஃபின்தான் எனக்கு ஜீரணமாகவில்லை. அக்டோபர் விவாதத்தில் எதிரணியின் ஜார்ஜ் புஷ், வெளிநாட்டு விவகாரத்தை அவருக்குப் பாடம் நடத்துவது போல் விளக்க ஆரம்பித்தபோது, எனக்குக் கற்றுத் தர வேண்டும் என்கிற உங்கள் தோரணை பிடிக்கவில்லை என்று நேருக்கு நேர் சொன்னார். ஆபீஸில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தத் தோரணை எது என்று உடனே சொல்வார்கள்.

தேர்தலில் ரேகன் 49 மாநிலங்களில் ஜெயித்தார். மாண்டேலுக்குச் சொந்த மாநிலமான மினசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும்தான் மிச்சம். பெண்களிலும் பெரும்பாலோர் ரேகனுக்கே வாக்களித்தார்கள். பழி யார் மேல் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பொருளாதாரம் தேறி வந்த காலம், ரேகன் செல்வாக்கு மிக்க மனிதர், மாண்டேலோ மாநாட்டு மேடையிலேயே வரியை உயர்த்துவேன் என்று சொன்னவர். இதெல்லாம் பலருக்கு மறந்து விட்டது.

அடுத்த பெண்ணுக்கு 24 வருஷம் ஆயிற்று. 2008 ஆகஸ்ட் 29-ம் தேதி குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன், அலாஸ்கா கவர்னர் சேரா பேலினை அறிவித்தார். ஹிலாரி கிளின்டனுக்கு வாய்ப்புக் கிடைக்காத வருத்தத்தில் இருந்த பெண்களின் வாக்கு இந்தப் பக்கம் வரும் என்பது கணக்கு. பேலின் கவர்னராகி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மெக்கெய்னுக்கு அதிகம் பழக்கமில்லாதவர். பேட்டிகளில் தடுமாறினார், உலகமே சிரித்தது. என் கட்சி இங்கே கொஞ்சம் மாறுகிறது. சோதனை ஓட்டம் பார்க்காமல் புதுப் பாலத்தின் மேல் எக்ஸ்பிரஸை விட்டால், விசாரணையில் நிற்க வேண்டியது பாலமா, இன்ஜினியரா? பெண் என்பதே போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர் மெக்கெய்ன்தான். பெண்ணுக்கு வாய்ப்புத் தருவதாக நினைத்து அவர் பெண்களின் மதிப்பைக் குறைத்தார் என்பது என் அபிப்பிராயம். அதற்காக பேலினைக் கேட்ட எல்லாக் கேள்வியும் நியாயமாகி விடாது. கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்று அவரைக் கேட்டார்கள். எதிரே நின்ற ஒபாமாவுக்கும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் உண்டு. அவரை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது கமலா ஹாரிஸ். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் நம்மைப் போன்ற குடும்பத்துப் பெண். தகப்பனார் பி.வி. கோபாலன் துளசேந்திரபுரத்திலிருந்து மத்திய சர்க்கார் வேலைக்கு வந்து வெளியூர்களில் காலம் கழித்தவர். சியாமளா டில்லி லேடி இர்வின் கல்லூரியில் படித்து, 1958-ல் பத்தொன்பது வயதில் தனியாக கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போனார். அந்தக் காலத்தில் அப்படி அனுப்ப ஒரு தகப்பனாருக்கு என்ன தைரியம் வேண்டும்! அந்தத் தகப்பனாரைப் பற்றி நாம் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருக்கலாம்.

பைடன் 2020 மார்ச்சிலேயே, துணைக்கு ஒரு பெண்ணைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று அறிவித்து விட்டார். என் நண்பர் பிடித்துக்கொண்டது இதைத்தான். பைடன் முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்து விட்டுப் பிறகு வாயைத் திறந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கமலா அரசு வழக்கறிஞராகவும், கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாகவும், செனட்டராகவும் இருந்து விட்டு வந்தவர். அதோடு, 1980-ல் ரேகனும்தான் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு பெண்ணை நியமிப்பேன் என்று தேர்தல் சமயத்தில் வாக்களித்தார். 1981-ல் சாண்ட்ரா டே ஓ'கானரை நியமித்தார். அவர் 2006 வரை அந்த நாற்காலியில் இருந்து தீர்ப்பெழுதினார். அவரைச் சலுகையில் வந்தவர் என்று இன்று சொல்பவர் அபூர்வம்.

துணை ஜனாதிபதியின் வேலைதான் என்ன? செனட் சபைக்குத் தலைமை, அங்கே சமநிலை வந்தால் ஒரு வாக்கு, ஜனாதிபதிக்கு ஒன்று நேர்ந்தால் அந்த நாற்காலி. அதுவரை சும்மா இரு என்பதுதான் பழைய வழக்கம். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்த பிறகுதான் அணுகுண்டு தயாராகும் செய்தியே ட்ரூமனுக்கு முழுதாகச் சொல்லப்பட்டது. கமலாவின் காலத்தில் செனட்டில் இரு கட்சிகளும் சரிபாதியாக இருந்ததால், அவர் 33 முறை சமநிலையை உடைக்கும் வாக்கைப் போட்டார். அதற்கு முன் எந்தத் துணை ஜனாதிபதியும் இத்தனை முறை போட்டதில்லை. 2021 நவம்பர் 19-ம் தேதி பைடன் மருத்துவப் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்டபோது 85 நிமிடம் ஜனாதிபதியின் அதிகாரம் கமலாவிடம் இருந்தது. அமெரிக்க வரலாற்றில் ஒரு பெண்ணின் கையில் அந்த அதிகாரம் இருந்தது அந்த 85 நிமிடம்தான்.

ரயில்வேயிலிருந்து ஓர் உதாரணம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. சுரேகா யாதவ் 1989-ல் மத்திய ரயில்வேயில் உதவி டிரைவராகச் சேர்ந்தார். உதவி டிரைவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர் அல்ல. ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர் தவறினால் வண்டியை நிறுத்த வேண்டும். நாளைக்கு அந்த இடத்தில் உட்காரப் போகிறவர் என்று வைத்துத்தான் அவருக்குப் பயிற்சி. சுரேகா அப்படிப் படிப்படியாக வந்து, 2011-ல் டெக்கான் குயினை ஓட்டி, 2023-ல் வந்தே பாரத்தையும் ஓட்டி, 2025-ல் ஓய்வு பெற்றார். உதவிக்கு எடுத்த அன்றே, ஓட்டவும் விடப் போகிறோம் என்று ரயில்வே தீர்மானித்து விட்டது. 2024-ல் கமலாவுக்கு என்ன நடந்தது? பைடன் ஜூலை 21-ம் தேதி விலகினார், நவம்பர் 5-ம் தேதி வாக்குப்பதிவு. நடுவழியில் டிரைவரை இறக்கி விட்டு, வண்டி ஏற்கெனவே தாமதம், நீ சரியான நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர் என்றார்கள். அவர் சரியாகப் பேசவில்லை, சில கேள்விகளுக்கு மழுப்பினார் என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் அந்த மூன்றரை மாதத்தை வைத்து ஒரு பெண்ணால் முடியாது என்று தீர்ப்பெழுத நான் தயாரில்லை.

அமெரிக்காவைச் சொல்லி விட்டு நம்மை விட்டுவிட்டால் நியாயமில்லை. 1952-லிருந்து நம் நாட்டில் ஒரு பெண்மணியும் துணை ஜனாதிபதியானதில்லை. இவ்வளவுக்கும் வயலட் ஆல்வா, நஜ்மா ஹெப்துல்லா, பிரதிபா பாட்டீல் ஆகியோர் ராஜ்ய சபையின் துணைத் தலைவராக இருந்து சபையை நடத்திக் காட்டியவர்கள். 2007-ல் நஜ்மா ஹெப்துல்லா போட்டியிட்டார், 2022-ல் மார்கரெட் ஆல்வா. இருவரையும் நிறுத்தியது எண்ணிக்கை இல்லாத அணி. ஜனாதிபதி தேர்தலிலும் 2002-ல் நம் கேப்டன் லட்சுமியும் 2017-ல் மீரா குமாரும் அப்படித்தான் நின்றார்கள். ஜெயிக்கிற அணி பெண்ணை நிறுத்தியதும் உண்டு. பிரதிபா பாட்டீலும் திரௌபதி முர்முவும் ஜனாதிபதியானது அப்படித்தான். இருந்தாலும் தோற்கப் போகிற இடத்துக்குப் பெண்ணைத் தேடுகிற மாண்டேல் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன், ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில். போன மாதம் நிர்வாகக் குழுத் தேர்தலைப் பற்றிப் பேச நாலு பேர் கூடினோம். "வைஸ் பிரசிடென்ட்டுக்கு ஒரு லேடியைப் போடலாம், லேடீஸ் ஓட்டு வந்துவிடும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மகள் கேட்டாள், "ஏன்ப்பா, பிரசிடென்ட்டுக்கு லேடீஸ் ஓட்டு வராதா?"

பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிப்பதிலிருந்து கடைசி ரசீது வரை பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிற ஓர் அம்மையார் நம்மிடையே இருக்கிறார். வரும் பொதுக்குழுவில் தலைவர் பதவிக்கு அவர் பெயரை நான் முன்மொழியப் போகிறேன். அவரிடம் கேட்டாயிற்று. கொஞ்சம் யோசித்து, "கணக்குப் புத்தகத்தை முதலில் என்னிடம் காட்டச் சொல்லுங்கள்" என்று சொல்லிச் சம்மதித்தார். வழிமொழிய ஒருவர் வேண்டும்.