பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

முன்னாளில் மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், டிரைவர் இறங்கி மூடியைத் திறப்பார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார். பெட்ரோல் குழாயை வாயில் வைத்து ஊதுவார். அதற்கும் மசியாவிட்டால் பிரயாணிகளை இறங்கித் தள்ளச் சொல்வார். வியாதி கண்ணுக்குத் தெரிந்தது. சிகிச்சை கைக்கு எட்டியது.

இன்றைய வண்டிக்கோ மூளை முளைத்திருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும், எந்தக் கணத்தில் பொறி பறக்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிட்டு உத்தரவு போடும் சிறு மின்னணுப் பெட்டி ஒன்று அதற்குள் இருக்கிறது. பட்டறைகளில் அதற்கு ‘ஈ.ஸி.எம்.’ என்று பெயர். பொறி, எரிபொருள் ஆகிய இரண்டையும் ஒரே பெட்டியின் ஆளுகைக்குள் கொண்டுவந்த ஏற்பாட்டை ஜெர்மனியில் பாஷ் கம்பெனியார் 1979-ல் வெளியிட்டார்கள். இன்று நம் ஊர்ச் சந்துகளில் ஓடும் பெட்ரோல், டீஸல் கார்களில் பெரும்பாலானவற்றில் அதன் சந்ததி குடியிருக்கிறது.

இந்த மூளைக்கு ஜன்னி கண்டால் என்ன நேரும் என்பதைத் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்காரர்கள் 2023 டிஸம்பருக்குப் பிறகு நன்கு அறிவார்கள். அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்து, கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீஸுக்குள்ளும் புகுந்தாள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பிரயாணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். மனிதர் கதியே அப்படியென்றால், வாசலில் நின்ற கார்களின் கதியைக் கேட்பானேன்?

வெள்ளம் வடிந்தது. வண்டிகள் பட்டறைக்குப் போயின. “ஈ.ஸி.எம். போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்னும் தீர்ப்பு, அன்று மட்டுமல்ல, இன்றும் பல வண்டிகளுக்குச் சாக்ஷி விசாரணையின்றியே கிடைக்கிறது. புதுப் பெட்டி பல்லாயிரம் ரூபாய். மாற்றிய பிறகும் வண்டி கிளம்பாவிட்டால் வேறு எதையாவது மாற்றச் சொல்கிறார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தாமிரத்தைப் பெயரிலேயே தாங்கிய நதியின் கரையில் வாழ்பவர்களுக்கு அந்த உலோகத்தின் குணத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஈரம் பட்ட செப்புக் குடத்தில் பச்சைக் களிம்பு ஏறுவதையும், அதைப் புளியிட்டு விளக்குவதையும் நமது தாய்மார்கள் அறிவார்கள். வண்டியின் கம்பி முனைகளிலும் அதே களிம்புதான் ஏறுகிறது. வெள்ளம் வடிந்து சில மாதங்கள் வண்டி ஒழுங்காக ஓடிவிட்டு, திடீரென்று மக்கர் செய்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெட்டி பழுதாவதும் உண்டு. ஆயினும் பெட்டிக்குப் போகும் வழி பழுதாவதே அதிகம். (இங்கே புளி உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இணைப்புகளைத் துப்புரவு செய்யத் தனித் திரவம் உண்டு.)

ஆகவே, நல்ல மெக்கானிக் நல்ல வைத்தியரைப் போல் வரிசையாக நாடி பார்ப்பார். முதலில் பாட்டரி: ஓய்வில் பன்னிரண்டரை வோல்ட் இருக்க வேண்டும், ஸெல்ப் அடிக்கும்போது பத்துக்கு வெகு கீழே இறங்கினால் குற்றவாளி அங்கேயே அகப்பட்டான். அடுத்து பியூஸும் ரிலேயும். அதற்கடுத்து எர்த் கம்பி. துருப்பிடித்த ஒரே திருகாணி பெட்டியை ஊமையாக்கப் போதும். பிறகு ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முனைச் சொருகியில் ஸ்கேனரை மாட்டிப் பெட்டி பேசுகிறதா என்று கேட்க வேண்டும். ஸ்கேனர் காட்டும் எண், வலி எங்கே என்றுதான் சொல்லும். வியாதி இன்னது என்று சொல்லாது.

கடைசியாக ஒரு சூக்ஷ்மம். பெட்டி தன் ஸென்ஸார்களுக்கு ஐந்து வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், அந்தக் கம்பியில் உள்ள அனைத்தும் சோர்ந்துவிடும். பெட்டியே செத்தது போல் தோன்றும். ஸென்ஸார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போதும். எதைக் கழற்றியதும் ஐந்து வோல்ட் திரும்புகிறதோ, அதுவே திருடன். மின்சாரமும் எர்த்தும் சரியாக வந்து, ஸென்ஸார்களை எல்லாம் கழற்றிய பின்னும் பெட்டி வாய் திறக்காவிட்டால்தான் அதன்மேல் பழி சுமத்தலாம்.

மாற்றுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அதே பாக எண்ணுள்ள பெட்டியைப் பொருத்தினாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். திருட்டைத் தடுக்க, சாவிக்குள் இருக்கும் சில்லும் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். புதியதாயினும், வேறு வண்டியிலிருந்து எடுத்ததாயினும், அந்தப் பெட்டிக்கு நமது சாவியை அறிமுகம் செய்துவைத்தாக வேண்டும். அந்த மந்திரமோ பெரும்பாலும் வண்டி செய்தவர் கையில் இருக்கிறது. பாளையங்கோட்டைப் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், மந்திரம் இல்லாமல் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய கம்பெனி, இரண்டாவது மகாயுத்த காலத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரிவாயுவால் வண்டிகளை ஓட்டும் சாதனத்தைத் தயாரித்து அளித்தது. இயந்திரம் திறந்த புத்தகமாக இருந்ததால் அது சாத்தியமாயிற்று. பூட்டிய புத்தகத்தை வைத்துக்கொண்டு எந்தத் தேசமும் தொழில் கற்க முடியாது.

அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்து ஜனங்கள் 2012-ல் வாக்களித்து, கம்பெனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கும் பழுது விவரங்கள் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்தார்கள். நமது மத்திய சர்க்கார் 2022 டிஸம்பர் 24-ல் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென்று இணையத்தில் ஒரு தளம் திறந்தது, மோட்டார் வாகனங்களும் அதில் அடக்கம். நல்ல ஆரம்பந்தான். ஆனால் விவரங்களை ஓரிடத்தில் திரட்டித் தரும் ஏற்பாடு வேறு. தர மறுப்பவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேறு. பின்னது வரும்வரை ஜனங்கள் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.

நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. வண்டி நீரில் மூழ்கியிருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். நீர் புகுந்த எஞ்சினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸில் பல சமயம் ஈடு கிடைப்பதில்லை என்பதால், பத்திரத்தை மழைக்கு முன்பே வாசித்துவிடுங்கள். பெட்டி போய்விட்டது என்று யாராவது சொன்னால், “எப்படித் தெரிந்தது?” என்று மரியாதையாகக் கேளுங்கள். தெரிந்த மெக்கானிக் அந்தக் கேள்வியால் மகிழ்வார். தெரியாதவர் இன்னொரு முறை பாட்டரியைப் பார்ப்பார். இரண்டினாலும் உங்களுக்கு லாபந்தான்.